இரட்டை மோட்டார் ஆர்.சி. விமானம்: தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது பெரும்பாலும் மின்மோட்டார் இரண்டு பூட்டிய, ரேடியோவால் ஓட்டும் (ஆர்.சி.) இறக்கை விமானங்களைப் பற்றி. க்ளோ இன்ஜின் (எரிபொருளில் ஓடும் சிறிய இன்ஜின்) வைத்திருப்பவர்களுக்குக் கடைசியை ஒட்டி ஒரு பகுதி இருக்கிறது. கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே விமானத்தை எடுத்துக்கொள்கிறோம்: இறக்கை நீளம் 1.5 மீட்டர், பறக்கும் எடை 1,400 கிராம், 2212 அளவில் 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று) மோட்டார் இரண்டு, 10×4.5 ப்ராப் (10 அங்குல விட்டமுள்ள விசிறி), 30 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) இரண்டு, 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஎச் 25சி லைப்போ பேட்டரி ஒன்று.

ஒற்றை மோட்டார் ட்ரெய்னர் (பழகும் விமானம்) ஓட்டத் தெரியும். அடுத்தது இரட்டை மோட்டாருக்குப் போகலாமா?

ஐலரான் (இறக்கையைச் சாய்க்கும் பலகை) உள்ள விமானத்தை இரண்டு பக்கமும் திருப்பி, காற்றில் நேராக வைத்து, மோட்டாரை நிறுத்திவிட்டு நினைத்த இடத்தில் இறக்க முடிகிறதா? முடிந்தால் போகலாம். இந்தக் கடைசித் தகுதிதான் முக்கியம். இரட்டை மோட்டாரில் ஆபத்து வரும்போது உங்கள் கை செய்ய வேண்டிய முதல் வேலை, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு மோட்டாரையும் நிறுத்துவது. மோட்டார் இல்லாமல் இறக்கிப் பழகாதவருக்கு அந்த நேரத்தில் கை வராது.

ரட்டரை (மூக்கைத் திருப்பும் வால் பலகை) தொடாமலே ஓட்டிப் பழகியவர்கள், பழைய விமானத்திலேயே பத்துப் பதினைந்து தடவை ரட்டரும் சேர்த்துத் திருப்பிப் பழகிவிட்டு வாருங்கள்.

இரண்டு மோட்டார் என்றால் இரண்டு மடங்கு பாதுகாப்புதானே?

இல்லை. பழுதாகக்கூடிய பொருள்கள்தான் இரண்டு மடங்கு. ஒற்றை மோட்டார் நின்றால் விமானம் நேராகச் சறுக்கி இறங்கும். இரண்டில் ஒன்று நின்றால் மற்றது விமானத்தை நின்ற மோட்டார் பக்கமாகத் திருப்பிப் புரட்டும். இரண்டும் எப்போதும் ஒன்றுபோல ஓட வேண்டும்; ஓடாவிட்டால் இரண்டும் நிற்க வேண்டும். கீழே வரும் வயரிங், பேட்டரி, ப்ராப் விஷயங்கள் எல்லாம் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

மோட்டார் சக்தி இவ்வளவு போதுமா?

முழு த்ராட்டிலில் (வேகக் குச்சி முழுக்க மேலே) ஒரு மோட்டார் சுமார் 15 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி வோல்ட்டேஜ் 10.8 வரை இறங்கும் என்று வைத்தால் மோட்டாருக்கு 160 வாட், இரண்டுக்கும் 320. 1.4 கிலோவுக்கு இது கிலோவுக்கு 230 வாட் வாக்கில் வரும். சாதாரணமாகப் பறக்க இது தாராளம். மொத்தம் 30 ஆம்பியர். 2200 எம்ஏஎச் 25சி பேட்டரி எழுத்துப்படி 55 ஆம்பியர் (2.2இன் 25 மடங்கு) தரும். மலிவு பேட்டரிகள் எழுதியிருப்பதைக் கொடுப்பதில்லை, அதனால் இந்த இடைவெளி வேண்டும்.

மோட்டாரை இறக்கையில் கூடு கட்டி உடலிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது?

முடிந்த அளவு கிட்டே. ப்ராப் முனைக்கும் உடலுக்கும் இடையே 25 மிமீ இருந்தால் போதும். உடல் அகலம் 90 மிமீ என்றால் பாதி 45, இடைவெளி 25, பத்து அங்குல ப்ராப்பின் பாதி 127. ஆக நடுக்கோட்டிலிருந்து சுமார் 200 மிமீ. எட்டு அங்குல ப்ராப்புக்கு மாறினால் 172 மிமீயில் வைத்துவிடலாம். அதற்கு 1400 கேவி வாக்கில் வேகமான மோட்டார் வேண்டும். தூரம் குறையக் குறைய, ஒரு மோட்டார் நின்றால் வரும் இழுப்பும் அதே விகிதத்தில் குறையும்.

கூட்டை ஃபோமில் மட்டும் ஒட்டாதீர்கள். இறக்கைக்குள் ஓடும் கார்பன் குழாயோடு சேர்த்துக் கட்ட வேண்டும். ஒரு மோட்டார் ஐம்பது கிராமுக்கு மேல். விமானம் தடாலென்று தரையில் உட்காரும்போது அந்த எடை முன்னால் பாய்ந்து கூட்டைப் பிய்த்துக்கொண்டு போகும். மோட்டார் பூட்டும் பலகை 3 மிமீ ப்ளைவுட், எபாக்ஸி போட்டு ஒட்டியது. இங்கே ஹாட் க்ளூ வேண்டாம். சித்திரை வெயிலில் பூட்டிய காரில் அரை மணி நேரம் இருந்தால் அது இளகும். மோட்டார் சாய்வு மாறியிருப்பது வெளியே தெரியாது, பறக்கும்போதுதான் தெரியும்.

ஃபோம் போர்டு இங்கே கிடைக்குமா?

பெரிய ஸ்டேஷனரி கடைகளில் காகிதம் ஒட்டிய 5 மிமீ ஃபோம் போர்டு கிடைக்கும். ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைகளில் சன்போர்டு என்ற பெயரில் பிவிசி பலகையையும் கொடுப்பார்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் எடை பல மடங்கு. 30க்கு 30 செமீ துண்டைத் தராசில் வைத்துப் பாருங்கள். 60 கிராமைத் தாண்டினால் இறக்கைக்கு ஆகாது. மோட்டார், ஈஎஸ்சி, ப்ராப் எல்லாம் இணையத்தில் வாங்குவதுதான் வழக்கம். வயர், கனெக்டர், ஹீட் ஷ்ரிங்க் போன்றவை பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் சல்லிசாகக் கிடைக்கும். ஓசூர்க்காரர்களுக்கு அது ஒரு பஸ் தூரம்.

மோட்டாரும் ஈஎஸ்சியும் வாங்கும்போது மூன்றாக வாங்குங்கள். ஒன்று கெட்டபின் ஆறு மாதம் கழித்து வாங்கும் புதியது, தேய்ந்த பழையதோடு சரியாக ஒத்துப்போகாது.

ஒரு பேட்டரியா, இரண்டா?

ஒன்று. இரண்டு ஈஎஸ்சியும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்தால், வோல்ட்டேஜ் இறங்கும்போது இரண்டு மோட்டாரும் சேர்ந்தே வேகம் குறையும்.

இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுவதுதான் பலர் செய்யும் தவறு. ஒரே நாளில் வாங்கிய இரண்டு பேட்டரிகள்கூட ஒரு வருடத்தில் வேறு வேறாகக் கிழடாகும். பலவீனமானது முதலில் இறங்கும், அந்தப் பக்க ஈஎஸ்சி முதலில் மோட்டாரை அணைக்கும். அதுவும் பேட்டரி தீரும் நேரத்தில், அதாவது விமானம் தாழ்வாக இறங்க வரும்போது.

அதிக நேரம் வேண்டும் என்றால் இரண்டு 2200ஐ பேரலலாக இணைத்து, அந்த ஒரே இணைப்பிலிருந்து இரண்டு ஈஎஸ்சிக்கும் கொடுங்கள். இரண்டும் ஒரே அளவு, ஒரே வயது, முழுவதும் சார்ஜ் ஆனவை. இணைக்கும் முன் செல்லுக்கு 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இல்லை என்று பேட்டரி செக்கரில் பாருங்கள். ஒன்று நிரம்பி, ஒன்று காலியாக இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கரண்ட் பாய்ந்து வயர் சுடும்.

ஈஎஸ்சியின் சிவப்பு வயரை எடுக்கச் சொல்கிறார்களே, ஏன்?

ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு (விமானத்தில் ரேடியோ சிக்னலை வாங்கும் பெட்டி) போகும் மூன்று வயரில் சிவப்புதான் ரிசீவருக்கும் சர்வோவுக்கும் (பலகைகளை அசைக்கும் சிறு மோட்டார்) 5 வோல்ட் தருவது. இரண்டு ஈஎஸ்சியிலும் பிஇசி (பேட்டரி வோல்ட்டேஜை 5 வோல்ட்டாக்கும் பகுதி) இருந்தால் இரண்டு சப்ளைகள் ஒரே இடத்தில் மோதும். லீனியர் பிஇசி ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஸ்விட்சிங் வகையை அப்படி இணைக்கவே கூடாது. உங்களுடையது எந்த வகை என்று ஆராய்வதைவிட ஒன்றின் சிவப்பு வயரை எடுத்துவிடுவது சுலபம்.

வெட்ட வேண்டாம். பிளக்கில் சிவப்பு வயரின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கைக் குண்டூசியால் லேசாகத் தூக்கினால் வயர் அதன் உலோக முனையோடு வெளியே வரும். அதை ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடி, வயரோடு மடித்துக் கட்டுங்கள். கருப்பு அல்லது பழுப்பு வயரைத் தொடாதீர்கள். சிக்னலுக்கு அது வேண்டும். அதை எடுத்தால் மோட்டார் துடிக்கும்.

இதைவிட நல்ல வழி, 3 ஆம்பியர் யுபிஇசி (ஈஎஸ்சியில் சேராத பிஇசி) ஒன்றைத் தனியாகப் பேட்டரியிலிருந்து எடுத்து ரிசீவருக்குக் கொடுப்பது. அப்போது இரண்டு சிவப்பு வயரையும் எடுத்துவிட வேண்டும். ஒரு ஈஎஸ்சி புகைந்தாலும் ரேடியோ உயிரோடு இருக்கும்.

ஈஎஸ்சியைக் கூட்டுக்குள் வைப்பதா, உடலுக்குள் வைப்பதா?

நீட்ட வேண்டியது மோட்டார் பக்கத்து மூன்று வயர்களை. பேட்டரி பக்கத்து இரண்டு வயர்களை அல்ல. ஈஎஸ்சி ஒரு நொடிக்குப் பல ஆயிரம் தடவை கரண்ட்டை விட்டு நிறுத்துகிறது. பேட்டரி வயர் நீளமானால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் வோல்ட்டேஜ் எகிறும். ஈஎஸ்சியில் உள்ள கெப்பாசிட்டர்கள்தான் அதைத் தாங்குகின்றன. சில மாதத்தில் அவை உப்பிக்கொண்டு செத்துப்போகும். ஆகவே ஈஎஸ்சி உடலிலோ இறக்கை வேரிலோ இருக்கட்டும். 16 கேஜ் சிலிக்கான் வயரில் மோட்டார் வரை நீட்டுங்கள்.

காற்றோட்டத்துக்காகக் கூட்டில்தான் வைப்பேன் என்றால், கூடுதலாக நீட்டிய ஒவ்வொரு 10 செமீக்கும் 220 மைக்ரோஃபாரட், 35 வோல்ட், லோ ஈஎஸ்ஆர் கெப்பாசிட்டர் ஒன்றை ஈஎஸ்சியின் பேட்டரிப் பக்கத்தில் பற்றவையுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும்.

ஒய் கேபிளா, தனித்தனி சேனலா?

முதல் விமானத்துக்கு ஒய் கேபிள் (ஒரு சேனலை இரண்டாகப் பிரிக்கும் வயர்) போதும். ஒரே சிக்னல் இரண்டுக்கும் போகிறது, குழப்பம் இல்லை. சேனல் மிச்சம் இருந்தால் தனித்தனியாக இணைப்பதில் லாபம் உண்டு: ஒவ்வொன்றின் வேகத்தையும் திருத்தலாம், ரட்டரோடு கலக்கலாம், உயரத்தில் ஒன்றை மட்டும் நிறுத்திப் பழகலாம்.

ஃப்ளைஸ்கை ஐ6 போன்ற ஆறு சேனல் ரேடியோவில் ஆறாவது சேனலுக்கு எந்தச் சுவிட்சும் திருகும் ஒதுக்காமல், மூன்றாவது சேனலை மாஸ்டராகவும் ஆறாவதை ஸ்லேவாகவும் வைத்து இரு பக்கமும் 100 சதவீதம் மிக்ஸ் (ஒரு சேனலின் அசைவை மற்றொன்றுக்கும் கொடுப்பது) போடலாம். இதில் பலர் மறப்பது ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் என்ன செய்வது என்ற அமைப்பு). மூன்றாவது சேனலுக்கு மட்டும் வைத்துவிட்டு ஆறாவதை விட்டுவிடுவார்கள். சிக்னல் போனால் ஒரு மோட்டார் நிற்கும், மற்றது ஓடும். ப்ராப்பைக் கழற்றிவிட்டு, பாதி த்ராட்டிலில் ரேடியோவை அணைத்து, இரண்டும் நிற்கிறதா என்று பாருங்கள்.

த்ராட்டில் குச்சியை மெல்லத் தள்ளினால் ஒரு மோட்டார் முதலில் சுற்றுகிறது, மற்றது தாமதமாகிறது. ஏன்?

த்ராட்டில் அளவு இரண்டு ஈஎஸ்சிக்கும் ஒன்றாகப் பதியவில்லை. ப்ராப் இரண்டையும் கழற்றுங்கள். ரேடியோவைப் போட்டுக் குச்சியை முழுக்க மேலே வையுங்கள். பேட்டரியை இணைத்தால் இரண்டு பீப் வரும். உடனே குச்சியைக் கீழே இறக்குங்கள். செல் எண்ணிக்கைக்கான பீப் வந்து ஒரு நீண்ட பீப் கேட்டால் பதிந்துவிட்டது. ஒய் கேபிளோ மிக்ஸோ, இரண்டு ஈஎஸ்சியையும் ஒரே நேரத்தில் பதிய வேண்டும். ஈஎஸ்சிக்கு ஈஎஸ்சி பீப் வரிசை கொஞ்சம் மாறும். கூட வரும் தாளைப் பாருங்கள்.

பதிந்த பிறகும் ஒரே பக்கம் தடுமாறினால் ஒவ்வொன்றாக இடம் மாற்றுங்கள். முதலில் ப்ராப், அடுத்தது ஈஎஸ்சி, கடைசியில் மோட்டார். எதை மாற்றும்போது கோளாறும் பக்கம் மாறுகிறதோ அதுதான் குற்றவாளி. சுற்றாமல் கிடுகிடுவென்று நடுங்கினால் பெரும்பாலும் மோட்டார் வயரின் புல்லட் கனெக்டர் ஒன்றில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. மூன்று வயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள்.

இரண்டு ப்ராப்பும் ஒரே பக்கம் சுற்றலாமா?

சுற்றலாம். முழு அளவு விமானங்களில் டிசி-3 அப்படித்தான். மாடலிலும் பறக்கும். ஆனால் எதிரெதிராகச் சுற்றினால் இரண்டின் முறுக்கும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஓடுதளத்தில் நேராக ஓடும்.

எதிரெதிர் என்றால் மேல் நுனிகள் உடலை நோக்கி உள்ளே வருமாறு வையுங்கள். பின்னாலிருந்து பார்த்தால் இடது மோட்டார் கடிகாரச் சுற்று, வலது மோட்டார் எதிர்ச் சுற்று. கடையில் கிடைக்கும் சாதாரண ப்ராப் இடதுக்கு, எதிர் ப்ராப் வலதுக்கு. மோட்டாரைத் திருப்பிச் சுற்ற வைக்க, மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றினால் போதும். பேட்டரி வயரை மாற்றிவிடாதீர்கள், ஈஎஸ்சி அந்த நொடியே போய்விடும்.

ஏன் உள்பக்கம்? விமானம் மூக்கைத் தூக்கி மெதுவாகப் போகும்போது, கீழே இறங்கும் ப்ராப் இலைதான் அதிகம் இழுக்கும். மேல் நுனி உள்ளே வந்தால் வெளியே மேலேறும், உள்ளே கீழிறங்கும் என்று நினைப்பீர்கள். சரிதான், இறங்கும் இலை உடல் பக்கம் வருகிறது. இழுப்பு நடுக்கோட்டை நெருங்குகிறது. இரண்டும் கடிகாரச் சுற்றாக இருந்தால் வலது மோட்டாரின் இழுப்பு வெளியே தள்ளிப் போகும். அதனால் இடது மோட்டார் நிற்பது வலது நிற்பதைவிட மோசம். இரண்டாம் உலகப் போர்க்கால பி-38இன் ப்ராப்கள் வெளிப்பக்கமாகச் சுற்றின. ஸ்கேல் மாடல் செய்பவர்கள் அதை அப்படியே வைக்கலாம், மற்றவர்களுக்கு அவசியம் இல்லை.

எதிர்ச் சுற்று மோட்டாரில் சாதாரண மரையுள்ள நட்டு தானாகக் கழலப் பார்க்கும். நைலாக் (நைலான் வளையமுள்ள) நட்டு போடுங்கள், ஒவ்வொரு தடவையும் கையால் இறுக்கிப் பாருங்கள்.

மோட்டாரை வெளிப்பக்கம் 2 டிகிரி சாய்த்தால் ஒரு மோட்டாரில் நேராகப் பறக்குமாமே?

அவ்வளவு இல்லை. ப்ராப்புக்கு 150 மிமீ பின்னால் எடைமையம் இருந்தால், 2 டிகிரி சாய்வு இழுப்புக் கோட்டை அந்த இடத்தில் உள்பக்கம் நகர்த்துவது வெறும் 5 மிமீ. 200 மிமீயில் ஐந்து. சாய்ப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி மோட்டாரைத் தள்ளி வைக்க வேண்டாம்.

இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

காது போதும். வேகம் சற்று வேறுபட்டால் சத்தம் வூம்... வூம்... என்று ஏறி இறங்கும். இரண்டு இலை ப்ராப்பில் நொடிக்கு இரண்டு வூம் என்றால் வித்தியாசம் நிமிடத்துக்கு 60 சுற்று. அது ஒன்றுமில்லை. எண்ண முடியாத வேகத்தில் அதிர்ந்தால் டேக்கோமீட்டர் (சுற்று அளக்கும் கருவி) எடுங்கள். பாதி த்ராட்டிலில் வித்தியாசம் 100 சுற்றுக்குள் இருந்தால் விட்டுவிடலாம். மேலே இருந்தால் வேகமான பக்கத்து சேனலின் மேல் எல்லையைக் கொஞ்சம் குறையுங்கள்.

ஒளியால் அளக்கும் டேக்கோமீட்டர் சரியா என்று பார்க்க, சோக் போட்ட பழைய டியூப் லைட்டுக்குக் காட்டுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மின்னும், இரண்டு இலை அமைப்பில் 3000 காட்ட வேண்டும். எல்ஈடி டியூப்பை இதற்கு நம்ப முடியாது.

ரட்டரோடு மோட்டாரைக் கலப்பது நல்லதா?

தரையில் ஓட்டும்போது நன்றாக உதவும். நடுவில் ஒற்றை ரட்டர் உள்ள இரட்டை மோட்டாரில் ப்ராப் காற்று ரட்டர் மேல் படாது, அதனால் மெதுவாக ஓடும்போது ரட்டர் வேலை செய்யாது. 15, 20 சதவீதத்தில் தொடங்குங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சாதாரண மிக்ஸில், த்ராட்டில் பூஜ்யத்தில் இருக்கும்போது ரட்டர் குச்சியைத் தொட்டாலே ஒரு பக்க மோட்டார் சுற்ற ஆரம்பிக்கும். பேட்டரி மாட்டிக்கொண்டிருக்கும் ஆளின் விரல் அங்கேதான் இருக்கும். எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருள் உள்ள ரேடியோவில் மிக்ஸை த்ராட்டிலால் பெருக்கும்படி வைக்கலாம். பூஜ்யத்தில் ஒன்றும் நடக்காது. அந்த வசதி இல்லாதவற்றில் மிக்ஸை ஒரு சுவிட்சில் போட்டு, விமானம் ஓடுதளத்தில் நிற்கும்போது மட்டும் போடுங்கள். பறந்தபின் அணைத்துவிடுங்கள்.

கைரோ போடலாமா?

போடலாம். ரேட் மோடில் (திடீர்த் திருப்பத்தை மட்டும் எதிர்ப்பது), ரட்டருக்கும் சேர்த்து. ஒரு மோட்டார் நின்றால் முதல் அரை நொடியைக் கைரோ வாங்கித் தரும். விமானத்தைத் தானாகச் சமன் செய்யும் மோடு வேண்டாம். வேகம் இழந்த விமானத்தை ஐலரானால் தூக்கப் பார்த்து இன்னும் கெடுக்கும்.

எங்கே பறக்கவிடலாம்? அனுமதி வேண்டுமா?

ட்ரோன் விதிகள் 2021 நான்கு சுழலி உள்ளவற்றுக்கு மட்டுமல்ல, இறக்கை விமானத்துக்கும் பொருந்தும். கிளம்பும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தின் நிறத்தைப் பாருங்கள். பச்சை என்றால் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை. ஓசூர் அருகே பேளகொண்டப்பள்ளியில் தனியார் விமான ஓடுதளம் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்காரர்கள் பார்க்காமல் பறக்கவிடவே கூடாது. கே.ஆர்.பி. அணை, ஒகேனக்கல், 44ஆம் எண் நெடுஞ்சாலையின் ஓரம் எல்லாம் ஆகாது.

நல்ல இடம், கோடையில் வற்றிய ஏரி, அல்லது கேழ்வரகு அறுத்த மேட்டுக் காடு. நிலத்துக்காரரிடம் கேளுங்கள். ஏரி என்றால் ஊரில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள், ஆடு மேய்ப்பவர்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்பதும் அப்படியே தெரியும். வற்றிய ஏரியில் மண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். சின்னச் சக்கரம் வெடிப்பில் மாட்டி முன்கால் உடையும். 70 மிமீக்குக் குறையாத சக்கரம் போடுங்கள். மாந்தோப்பை ஒட்டிய இடம் வேண்டாம். கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தோப்புகளில் மரம் அடர்த்தி, இலைக்குள் போன விமானம் கண்ணுக்குத் தெரியாது. மாங்காய் பிடித்திருக்கும் நேரத்தில் மரம் ஏறினால் தோட்டக்காரரோடு வேறு பஞ்சாயத்து.

எந்த நேரம், எந்த மாதம்?

விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை. தை முதல் பங்குனி வரை காலைக் காற்று அடங்கியிருக்கும். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று அம்மியையே தூக்கும்போது 1,400 கிராம் ஃபோம் எம்மாத்திரம். முதல் பறப்பை அந்த மாதங்களில் வைக்காதீர்கள்.

வெயிலும் உயரமும் சேர்ந்து ஒரு வேலை செய்கின்றன. தர்மபுரி, கிருஷ்ணகிரி நகரங்கள் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர், ஓசூர் 900 மீட்டர் வாக்கில். 36 டிகிரி வெயிலில் தர்மபுரிக் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்து 15 டிகிரிக் காற்றைவிடச் சுமார் 12 சதவீதம் குறைவு. விமானம் தூக்குவிசை இழந்து விழும் வேகம் 6, 7 சதவீதம் கூடும். சென்னைக் கடற்கரைப் பக்கம் பழகியவர் இங்கே வந்து அதே வேகத்தில் இறக்கினால் கடைசியில் தொப்பென்று விழும்.

எடைமையம் எங்கே?

பிளானில் கொடுத்திருந்தால் அதுவே. இல்லாவிட்டால் முதல் பறப்புக்கு இறக்கையின் சராசரி அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 25 சதவீதம். மோட்டார்கள் இறக்கைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் பேட்டரி பின்னால் போகும். கட்டும் முன்பே அதற்கு இடம் விடுங்கள்.

புறப்படும்போது என்ன கவனிக்க வேண்டும்?

இரண்டு மோட்டாரையும் 20 நொடி முழு த்ராட்டிலில் ஓட்டிக் காது கொடுங்கள். ஒருவர் பின்னாலிருந்து வாலைப் பிடிக்கட்டும், ப்ராப் சுற்றும் வட்டத்தின் நேர்ப்பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. பிறகு காற்றை எதிர்த்து வைத்து, இரண்டு மூன்று நொடியில் சீராகத் த்ராட்டிலை ஏற்றுங்கள். வேகம் வரட்டும். தரை விட்டதும் எலிவேட்டரை (மூக்கைத் தூக்கும் வால் பலகை) இழுத்து விறுவிறுவென்று ஏற்றாதீர்கள். முழு சக்தி, குறைந்த வேகம், தூக்கிய மூக்கு: ஒரு மோட்டார் நிற்பதற்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது. பத்து மீட்டர் உயரம் வரும்வரை சாய்வு குறைவாகவே இருக்கட்டும்.

கையால் எறிவதைத் தவிருங்கள். இரண்டு பக்கமும் ப்ராப், நடுவில் எறிபவரின் முகம்.

பறக்கும்போது ஒரு மோட்டார் நின்றுவிட்டது. என்ன செய்வது?

சத்தம் மாறும், மூக்கு ஒரு பக்கம் திரும்பும், அந்தப் பக்க இறக்கை தாழும். தாழ்கிற பக்கம்தான் நின்ற மோட்டார். எது என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். த்ராட்டிலை முழுக்கக் கீழே இழுங்கள். அந்த நொடியே இரண்டு பக்க இழுப்பும் சமமாகிவிடும், உங்கள் கையில் இருப்பது ஒரு சாதாரணக் கிளைடர்.

அடுத்தது மூக்கைக் கீழே விட்டு வேகம் பிடியுங்கள். தாழ்ந்த இறக்கையை ஐலரானால் வலுவாகத் தூக்கப் பார்ப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம், அதுதான் கெடுப்பது. தாழ்ந்த பக்க ஐலரான் கீழே இறங்கி அங்கே காற்றின் தடையை இன்னும் கூட்டும். மெதுவாகப் போகும் விமானத்தில் அந்த இறக்கை முழுவதும் தூக்குவிசை இழந்து, விமானம் சுழன்று விழும். ரட்டரைக் கொடுங்கள், தாழ்ந்த பக்கத்துக்கு எதிராக. இடது நின்றால் வலது ரட்டர்.

உயரம் 30 மீட்டருக்குக் கீழே என்றால் அத்தோடு சரி. நேரே முன்னால் எது இருக்கிறதோ அங்கே இறக்குங்கள், ஓடுதளத்துக்குத் திரும்ப ஆசைப்படாதீர்கள். உயரம் நிறைய இருந்தால், ரட்டரைப் பிடித்துக்கொண்டே த்ராட்டிலைக் கால்வாசி ஏற்றிப் பாருங்கள். நேராகப் போனால் இன்னும் கொஞ்சம். நம் எடுத்துக்காட்டு விமானத்தில் ஒரு மோட்டார் 800 கிராம் வாக்கில் இழுக்கும், 1,400 கிராமுக்கு அது உயரம் காக்கப் போதும். ஓடும் மோட்டார் பக்கமாகவே, அகலமாகத் திரும்புங்கள். நின்ற பக்கம் மெதுவாகவும் சக்தியோடும் திரும்பினால் விமானம் கவிழும். அதை எடுக்க உயரம் இருக்காது. இறங்க வரும்போது ஓடுதளம் உறுதியானதும் த்ராட்டிலை மூடிவிடுங்கள். மறுபடி ஏற்றிச் சுற்றி வரும் எண்ணம் வேண்டாம்.

இதைப் பழக வழி உண்டா?

தனித்தனி சேனல் இருந்தால் ஒரு சுவிட்சில் வலது மோட்டாரை மட்டும் நிறுத்தும்படி வையுங்கள். 80, 100 மீட்டர் உயரத்தில், பாதி த்ராட்டிலில், நேராகப் பறக்கும்போது நிறுத்துங்கள். த்ராட்டில், மூக்கு, ரட்டர். பிறகு இடதுக்கும். சுவிட்சைத் திருப்பினால் மோட்டார் திரும்பி வரும் என்பதால் இது பயப்பட வேண்டிய காரியம் இல்லை. ஆனால் த்ராட்டிலை இறக்கியபின்தான் சுவிட்சைத் திருப்ப வேண்டும்.

எத்தனை நிமிடம் பறக்கலாம்?

2200இல் 80 சதவீதம் 1,760 எம்ஏஎச். சராசரி 15 ஆம்பியர் என்றால் 7 நிமிடம். முதல் சில பறப்புகளுக்கு டைமரை 5 நிமிடத்தில் வையுங்கள். இறங்கிக் கொஞ்ச நேரம் கழித்து செல்லுக்கு 3.7 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நேரத்தைக் குறையுங்கள். ஈஎஸ்சி அணைக்கும்வரை ஓட்டாதீர்கள். ஒரே பேட்டரி ஆனாலும் இரண்டு ஈஎஸ்சியும் ஒரே நொடியில் அணைப்பதில்லை. இரண்டிலும் கட்-ஆஃப் முறையைச் சட்டென்று நிறுத்துவதிலிருந்து மெல்லக் குறைப்பதற்கு மாற்றிவிடுங்கள்.

பேட்டரியைக் காரில் வெயிலில் விடாதீர்கள். அன்றைக்குப் பறக்காவிட்டால் செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்கு இறக்கி வையுங்கள்.

க்ளோ இன்ஜின் இரண்டு பூட்டினால்?

ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியாக ஸ்டாண்டில் ரன்-இன் செய்து (ஓட்டிப் பழக்கி), பத்து தடவை போட்டால் பத்து தடவையும் நிற்காமல் ஐடில் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் இறக்கையில் பூட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி டேங்க், தனி த்ராட்டில் சர்வோ.

வேகத்தைச் சமன் செய்யும்போது மெதுவாக ஓடுவதை முதலில் அதன் உச்சத்திலிருந்து 200, 300 சுற்று குறையும்படி ரிச்சாக (எரிபொருள் கூடுதலாக) வையுங்கள். பிறகு வேகமானதை ரிச்சாக்கி அதற்குச் சமமாகக் கொண்டுவாருங்கள். மெதுவானதை லீனாக்கி (எரிபொருளைக் குறைத்து) வேகமானதோடு சேர்க்கப் பார்த்தால், மூக்கைத் தூக்கியதும் எரிபொருள் குறைந்து சூடேறி அதுதான் முதலில் நிற்கும். சமமாக ஓடுவதைவிட நிற்காமல் ஓடுவது முக்கியம். கடலோரத்தில் ஊசி (எரிபொருள் அளவுத் திருகு) சரிசெய்த இன்ஜின் இங்கே, குறிப்பாக ஓசூரில், ரிச்சாக ஓடும்; மெல்லிய காற்றுக்கு ஏற்ப இரண்டு மூன்று கிளிக் மூட வேண்டிவரும்.

க்ளோவில் ஒன்று நிற்பது என்றாவது ஒருநாள் நடக்கத்தான் செய்யும். முதல் இரட்டை விமானத்துக்கு மின்மோட்டாரே நல்லது.

விழுந்துவிட்டது, பார்க்க ஒன்றும் ஆகவில்லை. மறுபடி ஏற்றலாமா?

அன்றைக்கு வேண்டாம். ப்ராப் இரண்டையும் மாற்றுங்கள், விரிசல் கண்ணுக்குத் தெரியாது. மோட்டார் அச்சைக் கையால் சுற்றி, இரண்டும் ஒரே அளவு தடையோடு சுற்றுகிறதா என்று பாருங்கள்; செம்மண் உள்ளே போயிருந்தால் கரகரக்கும். மோட்டார் பலகையின் சாய்வை மூலைமட்டம் வைத்து இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா என்று பார்த்து, அரை மணி நேரம் செடிகொடி இல்லாத தரையில் தனியாக வையுங்கள். காய்ந்த புல்லில் வைக்காதீர்கள்.